டிக்கெட் யார் கையில்?

நியூயார்க் மேயர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற இடதுசாரி சோரான் மம்தானி வென்றதிலிருந்து, மொரிஷியஸில் தமிழ் வாசிக்கும் எங்கள் சிறு வட்டத்தில் ஒரு விவாதம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து நுழையும் ஓர் இடதுசாரி வேட்பாளரால் பழம்பெரும் கட்சி ஒன்றை மாற்றிவிட முடியுமா? கட்சியின் பேச்சை மாற்றலாம், சில கொள்கைகளையும் மாற்றலாம். ஆனால் தேர்தல் டிக்கெட்டை யார் கொடுப்பது என்கிற அதிகாரம் பழைய கைகளிலேயே இருக்கும்வரை கட்சி மாறிவிட்டதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அமெரிக்காவில் அந்த அதிகாரம் பெருமளவு வாக்காளரிடம் இருக்கிறது. அதனால்தான், செனட்டில் சுயேச்சையாகவே இருந்துவந்த பெர்னி சாண்டர்ஸ் 2016-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் நின்று, சுமார் 1 கோடியே 30 லட்சம் வாக்குகள் பெற முடிந்தது. தோற்றார் என்றாலும், மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்ற அவருடைய கோரிக்கை கட்சியின் கொள்கை அறிக்கையில் ஏறியது. பலரும் இதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். கட்சிப் பெரியவர்களான ‘சூப்பர் பிரதிநிதிகள்’, போட்டி உள்ள தேர்வில் முதல் சுற்றிலேயே வாக்களிக்கும் உரிமையை 2018-ல் இழந்தார்களே, எனக்கு அதுதான் பெரிது. வாக்குறுதியை அடுத்த தலைவர் மறந்துவிடலாம். விதியை மாற்ற அவர் மறுபடி சபையைக் கூட்ட வேண்டும். ஆனாலும் விதி திறந்துவிட்டது என்பதற்காகப் பெரியவர்கள் கைகட்டி நிற்பதில்லை. 2020 மார்ச் 3 அன்று 14 மாநிலங்கள் வாக்களிப்பதற்குச் சற்று முன்னதாக, போட்டியில் இருந்த புட்டிஜெஜும் குளோபுசாரும் அடுத்தடுத்து விலகி பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். சாண்டர்ஸின் முன்னிலை அந்த ஒரு வாரத்தில் கரைந்தது.

பிரிட்டனில் கதை இன்னும் வெளிப்படையானது. 2015-ல் விவாதம் விரிவடையட்டும் என்று சில எம்.பி.க்கள் கடைசி நிமிடத்தில் இரவலாகக் கொடுத்த கையெழுத்துகளால்தான் இடதுசாரி எம்.பி. ஜெரமி கோர்பின் அந்நாட்டுத் தொழிற்கட்சியின் தலைவர் போட்டிக்குள்ளேயே வந்தார், வந்தவர் 59.5 சதவீத வாக்குடன் வென்றார். மறு ஆண்டே 172 எம்.பி.க்கள் அவர்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். அவர் பதவியிலிருந்து இறங்கிய பிறகு, 2021-ல், தலைவர் போட்டிக்கு வேண்டிய எம்.பி. ஆதரவு 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. திறந்து கிடந்த கதவுக்கு இரட்டைப் பூட்டு.

நம் தீவில் அந்தக் கதவே இல்லை. டிக்கெட் பங்கீடு தலைவர்கள் அமர்ந்து பேசும் அறையில் முடிந்துவிடும். நாம் மறுநாள் செய்தித்தாளில் பெயர்களைப் படிப்போம். அதனால் இங்கே கலகக்காரர்கள் தனிக்கட்சி தொடங்கினார்கள். 1969-ல் பிறந்து, துறைமுக, கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களில் வளர்ந்த எம்.எம்.எம். (மொரிஷியஸ் போராளி இயக்கம்) 1982-ல் பி.எஸ்.எம். என்ற சோஷலிசக் கட்சியோடு சேர்ந்து முதன்மைத் தீவின் 60 இடங்களையும் வாரியது. அந்த ஜூனில் எங்கள் தெருமுனைக் கடைச் சுவரில் அப்பா தம் கையால் இதயச் சின்னத்தை ஊதா நிறத்தில் வரைந்தார். அடுத்த ஆண்டே கட்சி பிளந்து, அதே சுவரில் இதயத்துக்குப் பக்கத்தில் யாரோ, பிரிந்தவர்கள் சேர்ந்து தொடங்கிய எம்.எஸ்.எம். கட்சியின் சூரியனை வரைந்துவிட்டுப் போனார்கள். அப்பா இரண்டையும் அழிக்கவில்லை. தேர்தலுக்குப் பின் கடைக்காரர்தான் வெள்ளையடித்தார். அதன் பிறகு எம்.எம்.எம். தலைவர் பால் பெரான்ஜே 1991-ல் எம்.எஸ்.எம்.மோடும், 1995-ல் இங்குள்ள தொழிற்கட்சியோடும், 2000-ல் மீண்டும் எம்.எஸ்.எம்.மோடும், 2014-லும் 2024-லும் மீண்டும் தொழிற்கட்சியோடும் கூட்டுச் சேர்ந்தார். அப்பாவின் தலைமுறை கலகம் என்று நம்பியதுதான் என் பிள்ளைகளுக்குப் பழைய கட்சிகளில் ஒன்று.

2024 கூட்டணியில் ‘ரெசிஸ்தான்ஸ் எக் ஆல்தெர்நாதிவ்’ இடதுசாரிகளும் இருந்தார்கள். தொழிற்சங்கத்தவரான அஷோக் சுப்ரோன் சமூகப் பாதுகாப்பு அமைச்சரானார். 2025 ஜூன் பட்ஜெட், அடிப்படை ஓய்வூதிய வயதை 60-லிருந்து படிப்படியாக 65-ஆக உயர்த்துவதாக அறிவித்தது. துறை அவருடையது, அறிவிப்போ நிதி இலாகாவையும் தம்மிடம் வைத்திருந்த பிரதமரின் பட்ஜெட்டில் வந்தது. அவரைத் துரோகி என்று முகநூலில் திட்டுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. மற்றவர்கள் பங்கிட்டுக் கொடுத்த டிக்கெட்டில் உள்ளே போனவருக்கு எவ்வளவு பலம் இருக்க முடியுமோ அவ்வளவுதான் இருந்தது.

பதவி இல்லாத காலத்தில் அதே இயக்கம் விதியின்மீதே கைவைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேட்பாளர் தம் சமூகத்தை அறிவித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து ஐ.நா. மனித உரிமைக் குழுவரை அவர்கள் போனார்கள். 2012-ல் குழு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு 2014 தேர்தலுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2019-ல் பழைய படிவமே திரும்ப வந்தது. தமிழன் என்று எழுத அதில் தனிக் கட்டம் கிடையாது; இந்து என்றுதான் நிரப்ப வேண்டும்.