பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பாருங்க

கோதுமையில இருக்க குளூட்டன்ங்கிற புரதம் குடலுக்கு ஆகாம போற சீலியாக் நோய், அரிசி சாப்பிடுற தெக்கத்தி பக்கம் கம்மின்னு உங்க பதிவுல போட்டிருக்கீங்க, சரிதான், ஆனா அந்த கம்மியில எங்க அக்கா மகளும் ஒருத்தி. தொண்டி பக்கம் இருக்கோம். சப்பாத்தி பரோட்டாவ விட்டா போதும்னு எல்லாரும் ஈசியா சொல்றாங்க, கடையில வாங்குற கூட்டுப் பெருங்காயம் நெறையாதுல கோதுமை மாவுதான் கலந்திருக்கு, டப்பாவ திருப்பி பொடி எழுத்த படிச்சாதான் தெரியும், அப்ப சாம்பாரும் ரசமும் போச்சுல்ல! மில்லுல கோதுமை அரைச்ச கையோட நம்ம அரிசிய கொட்டுனாலும் ஆகாது, அதனால அக்கா எல்லாம் வீட்டு மிக்ஸிலதான். மீன வீட்லயே மிளகாத்தூள் உப்பு மஞ்சள் போட்டு பொரிச்சா பயமில்ல, ஹோட்டல்ல மைதா தடவியிருப்பாங்க, இல்லாட்டி சமோசா போட்ட எண்ணெய்லயே பொரிப்பாங்க. கல்யாண வீட்டுக்கு டிபன் பாக்ஸ் தூக்கிட்டு போனா நம்ம சனம் பாக்குற பார்வை இருக்கே, அது தனிக்கதை.

பாக்கெட்டுல குளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி இருக்கு. நெட்ல வர்ற குறிப்பெல்லாம் ரொட்டிக்கு மாத்து சொல்லுது, நமக்கு வேண்டியது ரசத்துக்கு. சந்தேகம் இருக்கவங்க, சீலியாக் இருக்கான்னு பாக்குற டிடிஜி ரத்த டெஸ்டுக்கு முன்னாடியே கோதுமைய நிறுத்திடாதீங்க, ரிசல்ட் தப்பா நார்மல்னு வந்துரலாம். ராம்நாடு, பரமக்குடி பக்கம் இப்படி பிள்ளை வச்சிருக்கவங்க யாராச்சும் இருந்தா பதில் போடுங்க, தீபாவளி பலகாரத்துக்கு என்ன பண்றீங்கன்னு அக்கா கேக்குறா.