அம்மாவை யாராவது கேட்டீர்களா?

பேசாமல் விடு என்று என் கணவர் சொன்னார். தம்பியும் அதையேதான் சொன்னான். விட முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்பெயினின் சலோ என்ற கடற்கரை ஊரில், ஹோட்டலில் எங்களுக்கு நடந்த அறைப் பிரச்சினை பற்றிப் போன கிழமை நான் எழுதியதைப் பெரும்பாலானோர் வாசித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதிவில் இருந்த அம்மாவின் படத்தை எடுத்து, சேலைக்குக் கீழே தெரிந்த சப்பாத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பிள்ளை பார்க்க ஸ்பெயினுக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்ட தாய்மார் என்று ஒருவர் எழுதினார். பெயர் சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே சிரிப்புக் குறி போட்டவர்களில் எங்கள் வீட்டில் வந்து அம்மாவின் கையால் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

எனக்கு இருப்பது ஒரே கேள்வி. எழுதியவரோ சிரித்தவர்களோ, அம்மாவை ஒரு சொல் கேட்டீர்களா?

இந்தப் பயணத்தைத் தொடக்கி வைத்ததே அம்மாதான். தை மாதக் குளிரில், ஹீட்டருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "பிள்ளை, இந்த முறை கடல் பக்கமாப் பார். அலைச் சத்தம் அறைக்குள்ள கேட்கவேணும்" என்று சொன்னவர் அவர். நான் வேறு ஏதோ மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் பார்சலோனாவுக்குத் தெற்கே இருக்கிற இந்தக் கரையைத் தேடினேன். ரேயுஸ் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போர்ட் அவெந்தூரா விளையாட்டுப் பூங்கா, பெரியவர்களுக்குக் கடல். தன்னுடைய டிக்கெட் காசைத் தன் பென்ஷனில் இருந்து எடுத்துத் தந்தார். வேண்டாம் என்று சொல்ல, கோபித்துக்கொண்டார். இழுத்துக்கொண்டு போனோமாம்!

நான் முதலில் எழுதியது என்ன? ஹோட்டல்களும் முன்பதிவுத் தளங்களும் குடும்பம் என்றால் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்று மட்டுமே கணக்கு வைத்திருக்கின்றன. மூன்று தலைமுறை ஒன்றாகப் போனால் அவர்களுடைய கட்டத்துக்குள் நாங்கள் அடங்குவதில்லை. பக்கத்துப் பக்கத்து அறை வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கேட்டிருந்தோம். போய் இறங்கினால் மூன்று மாடிகளில் பிரித்துப் போட்டார்கள். மூட்டு வலியோடு இருக்கிற, ஆங்கிலமே தட்டுத்தடுமாறிப் பேசுகிற மனுசியை ஐந்தாம் மாடியில் தனியே விட்டார்கள். அறை அட்டையைச் சுவரில் செருகினால்தான் லைட் எரியும் என்பது அவருக்குத் தெரியாது. இருட்டுக்குள் கட்டிலில் இருந்திருக்கிறார், நான் போய்க் கதவைத் தட்டும் வரை. இதைத்தான் எழுதினேன். இதில் அம்மா சுமை என்று எந்த வரியில் சொன்னேன்? "கூட்டிக்கொண்டு போனதால்தானே இந்தக் கஷ்டம்" என்று எழுதியவர்களுக்குச் சொல்கிறேன்: கஷ்டம் தந்தது அந்த ஹோட்டல். அம்மா இல்லை.

சரி, பிள்ளை பார்த்த விஷயத்துக்கு வருகிறேன். தம்பியின் சின்னவனை மத்தியானங்களில் அம்மா பார்த்தார். ஓம், பார்த்தார். அந்த நேரத்தில் நானும் மச்சாளும் ஒரு கோப்பி குடித்தோம். அதிலே என்ன பிழை? அவன் கிழமை நாட்களில் நேர்சரியில் கிடக்கிறவன். அப்பம்மாவோடு இப்படித் தொடர்ந்து இருந்ததே இல்லை. ஈர மணலில் காலை முழங்கால் வரை புதைத்து, அலை வந்து கரைப்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "நான் பாக்கிறன், நீங்கள் போங்கோ" என்று எங்களைத் துரத்தியதே அம்மா. அந்தப் பேரனை அவரிடமிருந்து பறித்து ஹோட்டலின் சிறுவர் கிளப்பில் விட்டிருந்தால், அப்போதும் நீங்கள்தான் வந்து எழுதியிருப்பீர்கள்: வயதான தாயைத் தனியே இருத்திவிட்டார்கள் என்று.

சேலைக்குச் சப்பாத்துப் போட்டதும் குற்றமாகிவிட்டது. மூட்டு வலி உள்ளவர்கள் என்னத்தைப் போட்டு நடப்பது? அந்தக் கரையில் அவரைப் பார்த்து ஒரு ஸ்பானியர் சிரிக்கவில்லை. ஓகஸ்டில் சலோவுக்கு சரகோசா பக்கத்துக் குடும்பங்கள் பரம்பரையாக வருகின்றன. காலையிலேயே குடை, மடக்குக் கதிரை, ஐஸ் பெட்டி எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து, தண்ணீரின் ஓரத்தில் வட்டமாகப் போட்டு, நடுவில் பாட்டியை இருத்துகிறார்கள். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், ஒரு பெரிய டப்பாவில் உருளைக்கிழங்கு ஓம்லெட், வெட்டின முலாம்பழம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வந்த குடும்பங்களைப் போலத்தான் இருந்தார்கள். அதில் ஒரு பாட்டி அம்மாவின் சேலைக் கரையைத் தடவிப் பார்த்து, இதை எப்படிக் கட்டுவது என்று கையாலேயே கேட்டார். அம்மா எழும்பி நின்று கொசுவத்தைப் பிரித்து மறுபடி மடித்துக் காட்டினார். ஒரு சொல் பொது மொழி இல்லாமல் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். சிவப்பு வட்டம் போட எங்கள் ஆட்கள்தான் வேண்டியிருந்தது.

வயது போனவர்கள் கடற்கரை ஹோட்டலில் இருப்பது அந்த நாட்டில் அரசாங்கமே காசு கொடுத்து நடத்துகிற காரியம். இம்செர்சோ என்ற அரச அமைப்பு 1985 முதல் ஓய்வூதியக்காரர்களைக் குறைந்த விலையில் பெனிடோர்ம் போன்ற கடற்கரை ஊர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கோடையில் இல்லை, கூட்டம் குறைந்த மாதங்களில். முதியவர்களுக்கு வெயிலும் கடலும், ஹோட்டல்களுக்குப் பூட்டாமல் ஓடுவதற்கு ஆள், வேலை செய்கிறவர்களுக்குக் குளிர்காலத்திலும் சம்பளம். வயதானவர்களுக்குக் கோயிலும் சீரியலும் காணும் என்று அங்கே யாரும் முடிவெடுத்து வைக்கவில்லை.

"ஸ்பெயின் மக்களே சுற்றுலாப் பயணிகளுக்கு எதிராக ஊர்வலம் போகிறார்களே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நியாயமான பேச்சு. 2024இல் மட்டும் ஏறத்தாழ 9 கோடி 40 இலட்சம் பேர் அந்த நாட்டுக்குப் போயிருக்கிறார்கள். வாடகை ஏறி, சொந்த ஊரிலேயே வீடு எடுக்க முடியாமல் இருக்கிறவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது. கத்தலோனியாவில் 16 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் இரவுக் கணக்கில் வரி உண்டு, கட்டினோம். ஆனால் இதையெல்லாம் அம்மாவின் படத்துக்குக் கீழே வந்து ஏன் எழுதுகிறீர்கள்? நீங்கள் போன வருடம் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் எடுத்த படங்களுக்குக் கீழே இதை நான் காணவில்லை.

அப்புறம், அந்தக் காசுக்கு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்ற கதை. நாங்கள் இருக்கிற இங்கிலாந்தில் பாடசாலை நாட்களில் பிள்ளைகளை எடுத்தால், ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண் தண்டம், 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 160. ஆகவே எல்லோரும் ஓகஸ்டில்தான் போகவேண்டும். ஓகஸ்டில் கொழும்புக்கு என்ன விலை என்று போய்ப் பாருங்கள். அந்த நீளப் பறப்பில் அம்மாவின் கால் என்ன பாடுபடும் என்பதையும் யோசியுங்கள்.

அம்மா மயிலிட்டிக்காரி, யாழ்ப்பாணத்து மீன்பிடித் துறைமுக ஊர். இதைத் தெரிந்துகொண்டுதான் சிரித்தீர்களா? 1990 ஆனியில் போரால் மயிலிட்டி இருக்கிற வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது என்னை இடுப்பில் வைத்திருந்தவர். அதற்குப் பிறகு அந்தத் துறைமுகம் இராணுவத்திடம் போய், 2017 ஆடியில்தான் திரும்பக் கிடைத்தது. 27 வருடம். போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது. அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ என்று எனக்குச் சொல்கிறவர்கள் அந்தக் கிணற்றடியில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இல்லை.

சலோவில் இருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் கம்ப்ரில்ஸ். அங்கே இன்றைக்கும் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. பின்னேரம் இழுவைப் படகுகள் வரிசையாக உள்ளே வரும், கடற்காகங்கள் மேலே சுற்றிக்கொண்டு வரும். அம்மா கரையில் நின்று, படகிலிருந்து இறக்கின பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இறால், கணவாய், சின்னச் சின்னச் சிவப்பு மீன்கள். ஒரு பெடியன் பெட்டியோடு நிற்க, இவர் குனிந்து ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்து, "இண்டைக்குப் பிடிச்சது" என்று எனக்குச் சொன்னார். பெடியனும் சிரித்தபடி தலையை ஆட்டினான். அம்மா அவ்வளவு கதைத்து நான் கனகாலம் காணவில்லை. தன் தகப்பன் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் போவார், வலை காய்கிற மணம், யாருடைய வள்ளம் முதலில் வரும், எல்லாம். என் மகள் அத்தனையையும் போனில் பதிந்து வைத்திருக்கிறாள். இத்தனை வருடமும் இங்கே எங்கள் வீட்டு ஹோலில் இருந்துகொண்டு அம்மா சொல்லாத கதைகள் அவை.

அதற்கு அடுத்த நாள் கடலில் இறங்கினார். பல ஸ்பானியக் கடற்கரைகளில் கோடையில் நடக்க முடியாதவர்களுக்கென்று மிதக்கும் சக்கர நாற்காலி வைத்திருக்கிறார்கள். மணலுக்கு மேலே பலகை நடைபாதை, உதவிக்கு ஆட்கள். முதலில் மாட்டேன் என்றார், பிறகு தானே போய் ஏறி இருந்தார். இரண்டு இளம் பிள்ளைகள் அவரைத் தள்ளிக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீரில் விட்டார்கள். உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, "எங்கட கடலைவிட உப்புக் கூட" என்று கத்தினார். உண்மைதான், மத்தியதரைக் கடலில் உப்புக் கூட. அந்த முகத்தைப் படம் எடுத்தேன். அதை இங்கே போட மாட்டேன். உங்களுக்கு அதைப் பார்க்க உரிமை இல்லை.

எங்கள் சமூகத்தில் ஒரு மனிதருக்கு எப்போது காசு செலவழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்கள் ஹோல் சின்னனாய்ப் போச்சு, சாப்பாடு காணாது, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் இன்னும் வடிவாய் அடித்திருக்கலாம் என்றெல்லாம் சொன்னார்கள். அப்பா இருக்கும்போது அவருக்கு எங்கே போக விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. கடையிலும் வீட்டிலும் இருந்தே போய்விட்டார். அம்மாவுக்கும் அப்படி ஒரு கல்வெட்டில் நாலு பாட்டு அடித்தால் நல்ல பிள்ளைகள் என்பீர்கள். உயிரோடு இருக்கும்போது கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் வட்டம் போடுவீர்கள். அம்மாவுக்கு எது பொருத்தம் என்று முடிவெடுக்க உங்களை யார் வைத்தது? அவருக்கு வாய் இருக்கிறது, வீட்டு நம்பர் உங்களிடம் இருக்கிறது. எடுத்துக் கேளுங்கள்.

அம்மாவின் வயதையோ உடுப்பையோ பற்றி எந்தக் கருத்து வந்தாலும் அழித்துவிடுவேன், முன்கூட்டியே சொல்கிறேன். தங்கள் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போக விரும்புகிறவர்களுக்கு மட்டும்: விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி இலவசம், 48 மணித்தியாலம் முன்பே சொல்லி வைக்கவேண்டும். அறைகளுக்கு இடையில் கதவு உண்டா, சாப்பாட்டு மண்டபத்துக்கு லிஃப்ட் போகுமா, கடற்கரை வரை படி இருக்கிறதா என்று ஹோட்டலிடம் எழுத்திலே பதில் வாங்குங்கள். மிதக்கும் நாற்காலிக்கு எந்த நேரம், எப்படிப் பதிவது என்று அந்த ஊர் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வேறு ஏதும் தெரியவேண்டும் என்றால் உள்பெட்டியில் வாருங்கள், அம்மாவைக் கேட்டே சொல்கிறேன்.