டெபாசிட் எவ்வளவுன்னு தெரியுமா சார்?

அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு ஃபார்வர்டு பண்ண வேண்டாம். இருக்கிற எல்லா குரூப்பிலும் வந்தாச்சு. கிராம சபையில் அந்தப் பையன் எழுந்து போர் மோட்டார் ரிப்பேர் பில்லைக் கேட்டது, "வர்ற எலெக்‌ஷன்ல நானும் மெம்பருக்கு நிக்கப் போறேன்" என்றது, முன்வரிசை நாற்காலியில் இருந்து "டெபாசிட் கட்ட காசு கீதா நைனா?" என்று குரல் வந்தது, பந்தலே சிரித்தது, எல்லாம் பார்த்தாச்சு. கீழே நம்ம ஆட்கள் போட்ட கமென்ட்டையும் படித்தேன். "ஷூ கம்பெனில தோல் வெட்றவன்லாம் அரசியலுக்கு வந்துட்டான்." போட்டவரின் அப்பா டேனரியில் வேலை செய்தவர் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் பேர் சொல்லவில்லை.

முதலில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். கிராம ஊராட்சி வார்டு மெம்பருக்கு 2021 தேர்தலில் டெபாசிட் 200 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. என்றால் 100. தலைவர் பதவிக்கே 600தான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர் அந்தப் பந்தலுக்கு வந்த பெட்ரோல் செலவு அதைவிட அதிகமாக இருக்கும். காசு இருக்கிறது சார். அவனிடம் இல்லாதது லீவு. மறுபடியும் சொல்கிறேன், காசு பிரச்சினை இல்லை, லீவுதான் பிரச்சினை.

புரியாதவர்களுக்காகக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். நம்ம மாவட்டத்தைப் பிரித்த கதையால் 2019 டிசம்பரில் மற்ற ஊர்களுக்கு நடந்த ஊராட்சித் தேர்தல் நமக்கு நடக்கவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. அந்தத் தேதிகளை எடுத்துப் பாருங்கள். மனு தாக்கல் செப்டம்பர் 15 முதல் 22 வரை, ஆபீஸ் நேரத்தில் மட்டும். பரிசீலனை 23, வியாழக்கிழமை. வாபஸ், அதோடு சின்னம் ஒதுக்குவது 25, சனிக்கிழமை. ஷூ கம்பெனிக்குச் சனிக்கிழமை லீவு கிடையாது. ஓட்டு எண்ணிக்கை அக்டோபர் 12, செவ்வாய். ஜெயித்தால் பதவியேற்பு 20, புதன். துணைத்தலைவர் தேர்தல் 22, வெள்ளி. அதற்கு முன்னால் வரி ரசீது, பாக்கி இல்லை என்ற சான்று, மனு ஃபாரம், ஜெராக்ஸ் என்று அலைய குறைந்தது ஒரு நாள். மொத்தம் ஏழு நாள். நாள் கூலி 450 என்று வைத்துக்கொள்ளுங்கள், 3,150 ரூபாய். அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. சூப்பர்வைசரிடம் வாங்குகிற திட்டு தனி. டெபாசிட் 200, அதைக் கட்டப் போகிற செலவு 3,150. நீங்கள் எதைக் கேட்டுச் சிரித்தீர்கள்?

இது வார்டு மெம்பருக்கு மட்டும். தலைவருக்கு நின்றால் இன்னும் மேலே.

"ஒரு நாள் லீவு போட்டு மனு கொடுத்தா ஆச்சு, இதுல என்ன பெரிய விஷயம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் மாதச் சம்பளக்காரர். கேஷுவல் லீவு உள்ளவர். அவருக்கு இது புரியாது, அது அவர் குற்றமும் இல்லை. ஆனால் மனு கொடுத்துவிட்டு வந்தால் ஆச்சு என்று நினைப்பதுதான் ஏமாற்றம். பரிசீலனை நாளில் யாராவது ஆட்சேபணை கிளப்பினால், எதிரே நின்று பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் மனு போய்விடலாம்.

பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு அக்கா 2021இல் வார்டுக்கு மனு போட்டார். முன்மொழிந்தது அவர் கொழுந்தனார். ஒரே தெரு, எதிரெதிர் வீடு. தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் அடுத்த வார்டு. வேட்பாளர் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் எங்கே இருந்தாலும் போதும், ஆனால் முன்மொழிகிறவர் அதே வார்டு ஓட்டராக இருக்க வேண்டும். அக்காவுக்கு அது தெரியாது. மனு வாங்கின இடத்திலும் யாரும் சொல்லவில்லை. மறுநாள் அவர் தட்டைப் பிடித்து இலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அங்கே மனு தள்ளுபடி. கடைசி நாளில் கொடுத்ததால் இன்னொரு மனு போடவும் வழியில்லை. எதிரே நின்றவர் போட்டியின்றித் தேர்வு. ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? "ஃபாரம் ஃபில்லப் பண்ணத் தெரியாதவ, இவ மெம்பராயி என்ன கிழிக்கப் போறா."

சட்டமன்றத் தேர்தல் பூத் ஸ்லிப்பில் உள்ள பாகம் எண், வரிசை எண்ணை அப்படியே மனுவில் எழுதுவதும் இதே ரகம். உள்ளாட்சிக்கு வார்டு வாரியாகத் தனிப் பட்டியல் போடுவார்கள், எண் மாறியிருக்கும். ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், பட்டியலில் இன்னொன்று என்றால் அதற்கும் ஆட்சேபணை வரும். ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வரிக்கு நோட்டீஸ் கொடுத்தும் போன வருடம் வரை பாக்கி வைத்திருந்தால் தகுதியே போய்விடும். வக்கீல் வைத்து மனு போடுகிறவர்களுக்கு இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. கட்டிங் செக்‌ஷனில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவன் ராத்திரி பத்து மணிக்கு யாரைக் கேட்பான்?

சரி, "படிப்பு வேண்டாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நம்ம சட்டப்படி 21 வயசு ஆகியிருக்க வேண்டும், பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். படிப்புத் தகுதி தமிழ்நாட்டில் கிடையாது. அரியானாவில் 2015இல் கொண்டுவந்தார்கள், உச்ச நீதிமன்றமும் சரி என்றது. அவ்வளவு ஆசையாக இருந்தால் அங்கே குடிபோகலாம், ரயில் காட்பாடியிலேயே நிற்கும்.

"ஓட்டைப் பிரிக்க இறக்கிவிட்ட ஆள்" என்று இன்னொரு கமென்ட். ஊராட்சி வார்டுக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது ஐயா. கட்சி ஒன்றியக் குழுவுக்கும் மாவட்ட ஊராட்சிக்கும்தான். யார் ஓட்டை யார் பிரிப்பது? உங்கள் பெரியப்பா மகன் ஓட்டு என்று நேராகச் சொல்லுங்களேன்.

"காசு வாங்கிட்டு வாபஸ் வாங்கிடுவான்." அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கொடுக்கிறவனைப் பற்றி ஏன் ஒரு கமென்ட் கூட இல்லை?

காசு என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன், காசைப் பற்றி நம்ம ஊர் பேசாமல் இருப்பதே நல்லது. 2019இல் பணம் பிடிபட்டதால் ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் லோக்சபா தேர்தலையே நிறுத்திய தொகுதி வேலூர். ஏப்ரல் 18இல் நடக்க வேண்டியது ஆகஸ்ட் 5இல் நடந்தது. அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டு 200 ரூபாய் கட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். வார்டு மெம்பர் வேட்பாளருக்கு 2021இல் செலவு உச்சவரம்பு 9,000 ரூபாய். தலைவருக்கு 34,000. சில பேர் வீட்டில் ஆம்பூர் பிரியாணி அண்டா ஒன்றுக்கே அந்த வரம்பு காலி. அவர்கள் கணக்கில் என்ன எழுதுவார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, நானும் ஊரில் இருக்க வேண்டும்.

"கட்சியில் சேர்ந்து பத்து வருஷம் கொடி பிடிக்கட்டும், அப்புறம் வரட்டும்." இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பாதி நியாயம் இருக்கிறது. கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயர் சரவணன் ஆட்டோ ஓட்டினவர். நம்ம வேலூர் மாநகராட்சியில் 2022இல் 37வது வார்டில் ஜெயித்த கங்கா நாயக் திருநங்கை. இரண்டு பேரும் கட்சி வழியாக வந்தவர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். நகரத்தில் அது இல்லாமல் கஷ்டம். ஆனால் கிராம வார்டு என்பது சில நூறு ஓட்டு. பத்து ஓட்டில் முடிவு மாறும், சமமாக வந்தால் குலுக்கல் போடுவார்கள். அங்கே கொடி பிடித்த அனுபவத்தைவிட எந்தத் தெருவில் குழாய் வரவில்லை என்று தெரிவது முக்கியம். கொடி பிடிக்கவும் லீவு வேண்டுமே, அதை யார் கொடுப்பது? மாநாட்டுக்கு லாரியில் ஏற்றிப் போக மட்டும் இந்தப் பையன்கள் வேண்டும். மனு போடும்போது மட்டும் "நீ யாரு".

கிராம சபையையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஆறு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலும் கம்பெனி கண்டிப்பாக விடுமுறை விட வேண்டிய நாள், 1958ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. மார்ச் 22க்கும் நவம்பர் 1க்கும் அது கிடையாது. அந்த இரண்டும் வேலை நாளில் வந்தால் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒருத்தரும் பந்தலில் இருக்க மாட்டார்கள். பீடி சுற்றுகிறவர்களுக்கு ஆறு நாளுமே கூலி நஷ்டம், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணித்தானே கூலி. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு, அது மட்டும் நிரம்பிவிடும். 500க்கு மேல் 3,000 வரை ஜனத்தொகை உள்ள ஊருக்கு நூறு பேர். நூறு நாள் வேலைக்காரர்களைக் கூட்டி வந்து கையெழுத்து வாங்கிவிட்டால் நூறு ஆகிவிடுகிறது. கேள்வி கேட்கிற வயசுப் பையன் அந்த நேரத்தில் ஆம்பூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பான். இந்தப் பையன் லீவு நாளில் வந்து, ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு, கை நடுங்க அந்த பில்லைக் கேட்டான். வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், பேப்பர் ஆடுவது தெரியும். அதைப் பார்த்தும் சிரிப்பு வருகிறது என்றால் உங்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

"ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறாய்" என்று எழுதப் போகிறீர்கள். ஆமாம். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்பாக்ஸில் நிஜமாகவே "நான் என்ன செய்யலாம்" என்று கேட்ட மூன்று நான்கு பேருக்கு: அவனுக்குப் பணம் திரட்ட வேண்டாம், அது அவனுக்கே தலைவலி. வார்டு இட ஒதுக்கீடு அரசிதழில் வந்ததும் பாருங்கள், பாதி இடம் பெண்களுக்கு, அவன் வார்டு அதில் போனால் பக்கத்து வார்டில் நிற்கலாம், ஆனால் அந்த வார்டில் இருந்து முன்மொழிய ஆள் தேட வேண்டும். பட்டியலைக் கையில் வைத்து அந்த ஆளின் பெயரையும் எண்ணையும் சரிபாருங்கள். கடைசி நாள் வரை காத்திருக்காமல் முதல் இரண்டு நாளில் மனு போடச் சொல்லுங்கள், தப்பு இருந்தால் திருத்தி இன்னொன்று போட நேரம் இருக்கும். பரிசீலனைக்கு அவனோடு ஒருத்தர் லீவு போட்டுப் போங்கள், மாதச் சம்பளக்காரர் யாராவது. ஓட்டு எண்ணுகிற இடத்திலும் அவன் பக்கம் ஆள் இருக்கட்டும், முத்திரை கோட்டின் மேல் விழுந்த சீட்டில்தான் சண்டையே வரும்.

தோற்றாலும் ஜெயித்தாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வைத்துவிடுங்கள். தோற்ற வெறுப்பில் நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்க முடியாதபடி தகுதிநீக்கம் செய்யலாம். டீ, நோட்டீஸ், ஆட்டோ மைக், எல்லாவற்றுக்கும் பில் வாங்கி ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், முதல் நாளில் இருந்தே.