நான் கதைச்சது திமிங்கிலத்தைப் பற்றி இல்லை

சரி, திமிங்கிலச் சரணாலய வாக்கெடுப்பைப் பற்றி நான் எழுதின பதிவுக்கு நீங்கள் செய்த அந்தப் படத்தை நானும் பாத்திட்டன். என்ர இடுப்புக்குக் கீழ திமிங்கில வாலை ஒட்டிச் சுத்தவிட்டிருக்கிறியள். வால் நல்லாத்தான் பொருந்தியிருக்கு, சிரிச்சனான். பிறகு கீழ இருந்த கொமெண்டுகளை வாசிச்சன், சிரிப்பு நிண்டிட்டுது.

"பாக்குநீரிணையில இழுவைமடிக்காரன் வலையால கடலடியோட வாரி அள்ளுறான், இவருக்குத் தென் அத்திலாந்திக் கவலை." இதுக்குத்தான் லைக் கூட. லைக் போட்டவையில என்ர சொந்தக்காரரும் இருக்கினம். நல்லாயிருங்கோ.

நான் திமிங்கிலத்துக்காக அழேல்லை. வாக்கைப் பற்றி எழுதினனான். பதிவை முழுக்க வாசிச்சவைக்கு இது விளங்கியிருக்கும். ஆனா முழுக்க வாசிக்கிறது இப்ப ஆற்ர வேலை?

வாசிக்காதவைக்காகத் திரும்பச் சொல்லுறன். 2024 செப்ரெம்பரில பெரு நாட்டு லீமாவில சர்வதேச திமிங்கில ஆணைக்குழு கூடினது. தென் அத்திலாந்திக்கில ஒரு சரணாலயம், அதாவது வியாபாரத்துக்குத் திமிங்கிலம் பிடிக்கக் கூடாத கடற்பரப்பு, வேணுமெண்டு பிரேசிலும் அதோட நிக்கிற நாடுகளும் கேட்டினம். ஆதரவு 40, எதிர்ப்பு 14, நடுநிலை 3. எங்கட ஊர்க் கணக்கில அமோக வெற்றி. அங்க தோல்வி. ஏனெண்டா நாலில மூண்டு பங்கு வேணும், நடுநிலை கணக்கில வராது. எதிர்த்த 14 பேரில ஒரே ஒரு நாடு கையைக் கீழ விட்டிருந்தாப் போதும், நிறைவேறியிருக்கும்.

இருபது வருசத்துக்கு மேலா இந்தக் கோரிக்கை வந்து வந்து விழுகுது. 2012 பனாமாவில 38க்கு 21. 2018இல பிரேசிலின்ர சொந்த மண்ணிலயே 39க்கு 25. 2022இல அதைவிடக் கூத்து. வாக்கெடுப்பு வரப்போகுது எண்டவுடன எதிர்க்கிற நாடுகள் எழும்பி வெளியில போயிட்டினம். கோரம் இல்லை, அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆக்கள் இல்லை, ஆனபடியா வாக்கெடுப்பும் இல்லை.

எனக்கு இது புதினமில்லை. ஒரு கோயில் பொதுக்கூட்டத்தில கண்ணால பாத்தது. எந்தக் கோயில் எண்டு கேக்காதையுங்கோ, கேக்காமலே உங்களுக்குத் தெரியும். தெரிவுக்கு முதல் கிழமை திடீரெண்டு புது அங்கத்தவர்கள் முளைச்சினம். சந்தா ரசீதுப் புத்தகத்தை வாங்கிப் பாத்தன். இலக்கம் வரிசையா ஓடுது, எல்லாம் ஒரே நீலப் பேனை, ஒரே கையெழுத்து, 'பெற்றுக்கொண்டோம்' எண்டதில ஒரே எழுத்துப் பிழை. நான் எழும்பிக் கேள்வி கேட்டன். உடன அவையள் கதிரையளைத் தள்ளிப்போட்டு வெளி வீதிக்குப் போயிட்டினம். தலைவர் மணிக்கூட்டைப் பாத்தார். கோரம் இல்லை எண்டார். பழைய நிர்வாகமே தொடரும். அண்டையில இருந்து அந்தக் கோயில் ஐயர் எனக்குத் திருநீறு தரேக்க முகத்தைப் பாக்கிறேல்லை, அது வேற கதை.

"தென் அத்திலாந்திக்கில இப்ப ஆரும் வேட்டையாடுறேல்லையே, பிறகேன் சரணாலயம்?" எண்டு ஒரு தம்பி இங்கிதமாக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அதைத்தானே நானும் கேக்கிறன்? ஆருக்கும் ஒரு சதம் நட்டமில்லாத விசயத்தை ஏன் இவ்வளவு பாடுபட்டு மறிக்கினம்? திமிங்கிலம் வேட்டையாடுற யப்பான் 2019இலயே ஆணைக்குழுவை விட்டு விலகிப் போட்டுது. விலகினாப் பிறகும் அதின்ர பக்கம் நிண்ட கைகள் அப்பிடியே நிக்குது. கடல் உணவு, வாழ்வாதாரம், நிலைபேறான பாவனை எண்டு அவையும் நியாயம் சொல்லுவினம், ஓம். மொங்கோலியாவும் மாலியும் அங்க அங்கத்தவர். ரெண்டுக்கும் கடலே இல்லை. நேர்மையாச் சொல்லுறதெண்டால் மற்றப் பக்கத்திலயும் சுவிற்சர்லாந்தும் ஒஸ்ரியாவும் இருக்குதான். அதையும் சொல்லிப்போட்டன், பிறகு ஒருபக்கமா எழுதுறான் எண்டு வராதையுங்கோ.

டொமினிக்கா எண்டு கரீபியனில ஒரு குட்டித் தீவு. 2000ஆம் ஆண்டு தென் பசுபிக் சரணாலயத்துக்கான வாக்கெடுப்பில நடுநிலை எண்டு அமைச்சரவையில முடிவாகியிருந்தது. அங்க போய் எதிர்த்து வாக்குப் போட்டினம். யப்பான்ர உதவிக்காகத்தான் எண்டு சொல்லி அதின்ர சுற்றாடல் அமைச்சர் அதர்ட்டன் மார்ட்டின் பதவியை விட்டிட்டார். மீன்பிடி அமைச்சும் அவரிட்டத்தான் இருந்தது. ஒரு வாக்குக்காக ஒரு அமைச்சர் வீட்டுக்குப் போனார். எங்கட பக்கத்தில அப்பிடி ஒருத்தரைக் காட்டுங்கோ, நான் நிரந்தரமா வாலோடயே திரியிறன்.

சின்ன நாடு எண்டா விலைபோகும் எண்டுமில்லை. எங்கட இந்து சமுத்திரத்தை 1979இல சரணாலயமாக்கச் சொல்லிக் கேட்டது சீசெல்ஸ். யாழ்ப்பாண மாவட்டத்தைவிடச் சனம் குறைஞ்ச நாடு. அதுக்கு முந்தி, 1960களின்ர நடுப்பகுதியில, சோவியத் கப்பல்கள் இந்தச் சமுத்திரத்தில ஆயிரத்துக்கும் மேல நீலத் திமிங்கிலங்களைக் களவாக் கொண்டுபோட்டு வெளியில மூச்சே விடேல்லை. படம் செய்த தம்பியின்ர கவர் போட்டோ என்ன தெரியுமோ? திருகோணமலையில படகேறித் திமிங்கிலம் பாத்த செல்பி. அதுக்குப் பின்னாலயும் ஒரு வாக்கு இருக்கு தம்பி.

இழுவைமடிக்கு வாறன். 2017இல நாடாளுமன்றத்தில அதைத் தடைசெய்து சட்டம் வந்திட்டுது. சட்டம் கடுதாசியில, படகு கடலில. இதைப் பற்றி நான் எழுதின நேரம் இந்த லைக் எல்லாம் எங்க போனது? குருநகரிலயும் மயிலிட்டியிலயும் வலை அறுபட்டவனுக்காக எழுதினதுக்கு ஒரு இதயக்குறி கூட இல்லை. திமிங்கிலம் எண்டவுடனதான் உங்களுக்கு மீனவன்ர ஞாபகம் வந்தது.

"யப்பான் எங்கட யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கட்டடம் கட்டித் தந்தது, நன்றி மறக்கிறியோ?" மறக்கேல்லை. அந்தக் கட்டடத்துக்குள்ள வரிசையில நிண்டவன்தான் நானும். நன்றி வேற, கை தூக்கிறது வேற.

கடைசியா ஒருத்தர் உள்பெட்டியில கேட்டது. "2009 மேயில ஜெனீவாவில ஐ.நா. மனித உரிமைப் பேரவையில இலங்கைக்கு ஆதரவா வாக்குப் போட்ட 29 நாட்டில பிரேசிலும் இருக்கு, தெரியுமோ?" தெரியும். தென்னாபிரிக்காவும் உருகுவேயும் இருக்கு. சரணாலயம் கேக்கிற அதே ஆக்கள். கூட நிக்கிற ஆர்ஜென்ரீனாவும் காபொனும் அண்டைக்கு நடுநிலை. யப்பானும் நடுநிலை. எதிர்த்தது 12 நாடுதான். அந்தக் கிழமை என்ர மாமி குடும்பம் போரில இடம்பெயர்ந்தவையை அடைச்சு வச்ச செட்டிகுளம் முகாமுக்குள்ள. ரேடியோவில 29 எண்ட எண் மட்டும்தான் வந்தது, ஆர் ஆர் எண்டு பாக்கத் தெம்பில்லை. பிறகு அதே பேரவையில இலங்கை மீதான தீர்மானங்கள் வந்த 2021, 2022 எண்டு ஒவ்வொருக்காலும் தேத்தண்ணிக் கடையில 22க்கு 11, 20க்கு 7 எண்டு கூட்டிக் கழிச்சது நாங்கள்தானே? நடுநிலை எண்டா என்ன எண்டு வேற ஊர்க்காரனுக்குப் பாடமெடுக்கலாம், எங்களுக்கு எடுக்கேலாது. அப்பிடிப்பட்ட ஊரிலயிருந்து "வாக்குக்கு இவ்வளவு கத்துறியே" எண்டு சிரிக்கிறதுதான் என்னால தாங்க முடியேல்லை. பிரேசிலுக்கு நான் வக்காலத்து வாங்கேல்லை. அந்த 29ஐ நினைச்சா இண்டைக்கும் வயிறு எரியுது. அதுக்காக 14 பேர் செய்தது சரியெண்டு ஆகுமோ?

கொமெண்ட் திறந்துதான் இருக்கு. ஆனா ஆரும் திரும்ப ஆஸ்பத்திரிக் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தா அழிப்பன், முதலே சொல்லிப்போட்டன்.