காயிலை மாற்றினால் குதிரைத்திறன் கூடுமா?

1960களின் மஸ்டாங், டாட்ஜ் சார்ஜர் போன்ற கார்களில் 40,000 வோல்ட் காயில் (ஸ்பார்க் பிளக்கில் பொறி வரவைக்க பேட்டரியின் வோல்டேஜை உயர்த்தும் சுருள்) மாட்டினாலே குதிரைத்திறன் எகிறும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பிளக் இடைவெளியைத் தாண்டத் தேவையான வோல்டேஜ் வந்ததுமே பொறி பாய்ந்துவிடும். அதற்கு மேல் ஏறாது. நல்ல நிலையில் உள்ள சாதாரண இன்ஜினுக்கு அந்தப் பொறியே போதும்.

சரி, காயிலின் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட்கள் என்ற தொடுமுனைகளுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூலை வைக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் வீணா? இல்லவே இல்லை. பாயிண்ட்கள் தேயத் தேய பொறி பாயும் நேரம் (டைமிங்) நகரும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷனில் அந்தத் தேய்மானமே கிடையாது. கிரைஸ்லர் 1973லேயே அமெரிக்காவில் தன் கார்கள் அனைத்திலும் இதைப் பொருத்தியது.

ஒன்றைத் தயவுசெய்து கவனியுங்கள்: பாயிண்ட்கள் கருகாமலிருக்க வைத்த ரெசிஸ்டர் கம்பி பல பழைய கார்களில் உண்டு. முழு 12 வோல்ட் கேட்கும் மாட்யூலை அதில் இணைத்தால் திணறும். காயிலின் மின்தடை எத்தனை ஓம் என்று பார்க்காமல் கம்பியை விலக்கினாலோ, மாட்யூலே எரிந்துபோகலாம்.