கேட்குதா ரீச்சர்?

ரீச்சர்: தம்பி, கொஞ்சம் மதில் பக்கம் வாங்கோ. உங்கள் பாட்டு...

தம்பி: கேட்குதா ரீச்சர்?

ரீச்சர்: பாட்டு எங்கே கேட்குது? டும், டும் மட்டும்தான் கேட்குது.

தம்பி: அடடா, பாட்டு கேட்கவில்லையா? நில்லுங்கோ, கூட்டிவிடுகிறேன்.

(கூட்டினான். என் குசினியில் கோப்பைத் தட்டின் விளிம்பில் கிடந்த கரண்டி மெதுவாக நகர்ந்து வந்து கீழே விழுந்தது. திருகோணமலையில் ஒரே ஒழுங்கை, நான் இவர்களுக்கு மூன்றாவது வீடு.)

தம்பி: இப்போது கேட்குதா?

ரீச்சர்: கூட்டச் சொல்ல வரவில்லை தம்பி, குறைக்கச் சொல்ல வந்தேன். முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவள் சொல்கிறேன். கீச்சுக் குரலெல்லாம் சுவரோடு நின்றுவிடும். இந்த அடித்தொனி சுவரை மதிக்காது. பாடுகிறவர் உங்கள் வீட்டில் நிற்கிறார். மேளக்காரன் மட்டும் மதிலேறிக் குதித்து என் படுக்கையறைக்கு வந்துவிடுகிறான்.

தம்பி: அதுதான் ரீச்சர் பேஸ். அதற்குத்தான் கூடக் காசு கொடுத்து இந்தப் பொக்ஸ் எடுத்தேன்.

ரீச்சர்: காசு கொடுத்தது நீங்கள், அனுபவிப்பது நானா?

தம்பி: அயலட்டை என்றால் அப்படித்தானே. போன கிழமை பாரை மீன் தந்தோம். காசு கேட்டோமா?

(பாரை எனக்கும் வந்தது. நான் இன்னும் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அந்தப் பாரைதான் காரணம்.)

ரீச்சர்: மீன் ஒரு நேரக் குழம்போடு முடிந்துவிடும். இது முடிகிற பாடாக இல்லையே. குப்பைப் பையைக் கிழிக்க வரும் மான்கூட இப்போது இந்த ஒழுங்கைக்கு வருவதில்லை, கவனித்தீர்களா? பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்துக்கொண்டு நின்றாலும் நடு ரோட்டில் அசையாமல் படுத்திருக்கிற மான்.

தம்பி: உங்கள் செவ்வரத்தையைத் தின்கிறது என்று நீங்கள்தானே அதைத் திட்டினீர்கள்?

ரீச்சர்: செவ்வரத்தை திரும்பத் துளிர்க்கும் தம்பி. என் நித்திரை துளிர்க்காது. அப்புறம், இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு வர்த்தமானியில் வந்தது. நகர எல்லைக்குள் பகலில் 63, இரவில் 50. அதற்கு மேலே போகக் கூடாது.

தம்பி: ஐயோ ரீச்சர், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இங்கே, திரையைப் பாருங்கோ. எத்தனை காட்டுது? 48. சட்டத்துக்கு இரண்டு குறைவு.

ரீச்சர்: அது உங்கள் ரிமோட்டின் இலக்கம்! நான் சொல்வது டெசிபல். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்கு கூடும். உங்களுக்கு ஓ.எல். பரீட்சைக்கு விஞ்ஞானம் யார் படிப்பித்தது?

தம்பி: நீங்கள்தான் ரீச்சர்.

(டும், டும்.)

தம்பி: பகலில் 63 என்றால் இன்னும் 15 கூட்டலாம், என்ன? இப்போது ஏழு மணிதானே.

ரீச்சர்: அந்தச் சட்டத்துக்கு மாலை ஆறு மணியோடு இரவு.

தம்பி: ஆறு மணிக்குக் கோழிதான் படுக்கும் ரீச்சர்.

ரீச்சர்: சரி, அதை விடுங்கோ. 2007-இல் வெலிகம வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதாவது தெரியுமா? விசேஷ நாள் வேறு. மற்றப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

தம்பி: அது ஒலிபெருக்கிக்கு. இது பொக்ஸ்.

ரீச்சர்: நான் இணக்க சபைக்குப் போகப்போகிறேன்.

தம்பி: அங்கே என்ன செய்வார்கள்?

ரீச்சர்: மூன்று பேர் இருந்து, நீங்கள் சொல்வதையும் கேட்டு, நான் சொல்வதையும் கேட்டு...

தம்பி: மூன்று பேருக்கும் கேட்குமா? மைக் செற் வேண்டுமென்றால் சொல்லுங்கோ, என் சிநேகிதனிடம் இருக்கிறது. காசு வேண்டாம்.

(ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். எட்டாம் வகுப்பில் என்னை வெளியே அனுப்புவதற்கு முன்பும் இப்படித்தான் துடைத்தார்.)

தம்பி: கோபிக்காதீங்கோ ரீச்சர். சண்டைக் காலத்தில் எவ்வளவு வெடியைத் தாங்கினீர்கள்! ஒரு பாட்டைத் தாங்க மாட்டீர்களா?

ரீச்சர்: தாங்கினோம்தான். 2006-இல் சம்பூர்ப் பக்கம் ஷெல் அடிக்கும்போது இந்த யன்னல் இதே மாதிரித்தான் அதிர்ந்தது. ஆனால் ஒன்று தம்பி. அடித்தவன் யாரும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ரீச்சர், கேட்குதா?” என்று கேட்கவில்லை.

(தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்தான். 48, 47-ஆனது.)

தம்பி: இப்போது...

ரீச்சர்: கேட்காதே!

தம்பி: கேட்கவில்லையா? அப்படியென்றால் சரி.

ரீச்சர்: அந்தக் கேள்வியைக் கேட்காதே என்றேன்!

தம்பி: விளங்கிவிட்டது ரீச்சர். பத்திலிருந்து ஆறு. அந்த நேரத்துக்குள் இனி ஒரு சத்தம் வராது. அம்மாளாச்சி மேல் சத்தியம்.

(சத்தியத்தைக் காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். சனி இரவு சரியாகப் பத்து மணிக்கு டும் நின்றது. கடல் இவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாயிறு காலை, பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோகூட இன்னும் ஒழுங்கைக்குள் திரும்பவில்லை. கரண்டி மறுபடி விழுந்தது. மணியைப் பார்த்தேன், 6.01.)

தம்பி (மதிலுக்கு மேலால்): ரீச்சர்! ஆறு அடித்த பிறகுதான் போட்டேன்! கேட்குதா?