ஆறு சதவீதமாம்!

நம் பக்கத்து எரிவாயு மின்நிலையத்தைப் பற்றி வியாழக்கிழமை நடந்த கூட்டத்தின் அந்த நாற்பது நொடி வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி இங்கே போடப்போவதில்லை. அந்த வயதான அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் படுக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் அது கத்த ஆரம்பிக்கிறது, அது ஏன்?" என்று கேட்கிறார். மேடையில் இருந்தவர் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால் திரையில் "ஆண்டில் 6 சதவீத நேரம் மட்டுமே இயக்கம்" என்று கொட்டை எழுத்தில் ஓடுகிறது. வீடியோவில் வராத ஒன்றைச் சொல்கிறேன். அடுத்து எழுந்து நின்றவன் நான். கேள்வியைப் பாதி கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும், பொறுமை இல்லாதவர்கள் இப்போதே போய்விடலாம்.

முதலில் அந்த ஆறு சதவீதம். வருடத்துக்கு 8760 மணி நேரம். அதில் ஆறு சதவீதம் சுமார் 525 மணி. உச்சத் தேவைக்கென்று வைத்திருக்கும் எரிவாயு நிலையம் விடியற்காலை மூன்று மணிக்கு ஓடாது, அப்போது அது யாருக்கும் வேண்டாம். வெயில் இறங்கி சூரிய மின்சாரம் படுத்துவிட, எல்லோரும் வீடு திரும்பி விளக்கையும் ஏசியையும் போடும்போது ஓடும். ஒரு மாலைக்கு நான்கு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 525ஐ நான்கால் வகுத்தால் 131. நூற்று முப்பத்தொரு மாலைகள். கோடை முழுக்க, அதற்கு மேலும் கொஞ்சம். இந்த எண்ணைத் திரையில் போட்டுவிட்டு அவர் சிரித்திருக்கட்டும், பார்க்கலாம்.

எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று யார் கேட்டார்கள்? எப்போது ஓடுகிறது என்றுதானே அந்த அம்மா கேட்டார்!

இதைப் பேச உனக்கென்ன தகுதி என்பவர்களுக்கு: இதே மாதிரி ஒரு நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் ஒன்பது வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். இந்த நிலையம் இல்லை, வேறு ஒன்று. எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் அலுவலகத்திலிருந்து போன் வரும், ஸ்டார்ட் கொடுப்போம். முதலில் மோட்டார் தண்டைச் சுழற்றும், உள்ளே எரிவாயு ஏதாவது தங்கியிருந்தால் வெறும் காற்றாலேயே அதை வெளியே தள்ளும், அப்புறம் தீப்பொறி, அப்புறம் வேகம் ஏறி ஏறி கிரிட்டோடு, அதாவது பொது மின்கட்டமைப்போடு, இணையும். எங்கள் மிஷினுக்குப் பத்து நிமிடம். விமான எஞ்சினிலிருந்து வந்த வகை அது. எல்எம்6000 என்று ஒரு டர்பைன் உண்டு, 747 விமானங்களில் பறந்த சிஎஃப்6 எஞ்சினின் உடன்பிறப்பு, அந்த மாதிரி. மின்சாரம் போதாமல் கிரிட்டின் ஃபிரீக்வென்சி (அலைவெண்) சரிந்துகொண்டிருக்கும்போது நம் மிஷின் போய்த் தாங்கிப் பிடிப்பதைத் திரையில் பார்த்தால் நெஞ்சு நிமிரும். பொய் சொல்லவில்லை, அந்த வேலையை நான் நேசித்தேன். 1939இல் சுவிட்சர்லாந்தின் நோஷாடெலில் மின்சாரத்துக்காக முதன்முதலில் வைத்த எரிவாயு டர்பைன், வெறும் 4 மெகாவாட், அதுவே அவசரத்துக்குக் காத்திருக்கும் இருப்பு மிஷினாகத்தான் வைக்கப்பட்டது. காத்திருப்பது இந்த மிஷினின் பிறவிக் குணம்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வெளியே போகும் புகை சுமார் 500 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டைப் பிடித்து நீராவியாக்கி இன்னொரு டர்பைனைச் சுற்றினால் எரிபொருளில் 60 சதவீதம் வரை மின்சாரமாகும். ஆனால் அதற்கு வேண்டிய கொதிகலனை அவசரப்பட்டுச் சூடாக்க முடியாது, கனமான இரும்பு, விரிசல் விடும். அதனால் பெரும்பாலான உச்ச நிலையங்களில் அதை வைப்பதே இல்லை. முப்பத்தைந்து நாற்பது சதவீதத்தை எடுத்துக்கொண்டு மீதிச் சூட்டைப் புகைபோக்கி வழியாக வானத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, அது காசு நஷ்டம், அவர்கள் பாடு. நம் பாடு ஸ்டார்ட் ஆகும் அந்த நேரம். புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் குறைக்கும் பர்னர்கள் லோடு ஏறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். அம்மோனியா தெளித்துச் சுத்தம் செய்யும் வினையூக்கி இருக்கிறதே, அது 300 டிகிரிக்குப் பக்கத்தில் சூடானால்தான் விழித்துக்கொள்ளும். அதுவரை வருவது வந்தபடியே வெளியே போகும். ஸ்டார்ட் சமயத்தில் சில நாள் புகைபோக்கி முனையில் மஞ்சளாக ஒரு இழை தெரியும். பத்து இருபது நிமிடத்தில் மறைந்துவிடும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மறைந்த பிறகுதான் வருவார்கள் (குற்றம் சொல்லவில்லை, தற்செயலாக இருக்கலாம்).

இங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. விமான எஞ்சினிலிருந்து வராமல் மின்நிலையத்துக்கென்றே செய்த பெரிய ஃபிரேம் வகை டர்பைன்களுக்குப் பராமரிப்பு அட்டவணை போடும்போது ஓடிய மணியைத் தனியாகவும் ஸ்டார்ட்டுகளைத் தனியாகவும் எண்ணுவார்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பிளேடை எவ்வளவு வாட்டுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். இரும்புக்கு எண்ணத் தெரிகிறது. நுரையீரலுக்கு வந்தால் மட்டும் ஆறு சதவீதம்!

அந்த நேரம் எப்படிப்பட்ட நேரம் என்றும் பாருங்கள். நைட்ரஜன் ஆக்சைடும் மற்ற ஆவிகளும் கொளுத்தும் வெயிலும் சேர்ந்தால் தரைமட்டத்தில் ஓசோன் உருவாகும், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது எமன். காற்று அசையாத, அனல் வீசும் நாட்களில்தான் அது அதிகம். உச்ச நிலையத்தைக் கூப்பிடுவதும் அதே நாட்களில்தான், சில நாள் நடுப்பகலிலேயே. காற்று ஏற்கெனவே கெட்டுக் கிடக்கும் நாளாகத் தேர்ந்தெடுத்து ஓட்டிவிட்டு, வருடச் சராசரியைக் காட்டினால் எப்படி? இன்னொரு வேடிக்கை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் வெயில் நாளில் டர்பைனின் திறன் குறையும். அதற்காக உள்ளே போகும் காற்றில் தண்ணீரைத் தெளித்துக் குளிரவைப்பார்கள். மிஷினுக்கு வெயில் தாங்காது, பாவம்.

இப்போது கமென்ட் பெட்டிக்கு வருவோம். "முதலில் உன் வீட்டு ஏசியை அணை" என்று நேற்று மட்டும் பதினோரு பேர். சரி, அணைத்துவிட்டேன் என்று வையுங்கள். ஜன்னலைத் திறக்க வேண்டும். திறந்தால் என்ன வரும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

"இந்த நிலையம் இல்லையென்றால் ஆஸ்பத்திரி இருண்டுவிடும்." நிலையத்தை இடித்துத் தள்ளு என்று நான் எங்கே சொன்னேன்? அந்த ஆஸ்பத்திரிக்காக இரவெல்லாம் கண் விழித்தவன் நான். "நிலக்கரியைவிடச் சுத்தம்." ஆமாம், கரி இல்லை, சாம்பல் இல்லை, கந்தகம் இல்லை என்றே சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். (குழாயில் கசியும் மீத்தேனைக் கணக்கில் சேர்த்தால் கதை கொஞ்சம் மாறும், அது வேறு பதிவு.) "பேட்டரி எல்லாம் கதை" என்று ஒருவர். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேலில் 2017இலேயே 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள், அதில் சேமிக்க முடிந்தது 129 மெகாவாட் மணி. முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது, உண்மை. ஆனால் இப்போது நான்கு மணி நேரம் தாங்குவதை வைக்கிறார்கள், நம் மாலையும் நான்கு மணி நேரம்தான். ஒரு வாரம் தொடர்ந்து அனல் அடித்தால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு மாலையும் ஸ்டார்ட் கொடுப்பதும், அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுப்பதும் ஒன்றா?

பழைய சகா ஒருவர் எழுதியதுதான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. "உண்ட வீட்டுக்கு இரண்டகம்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். பக்கத்துத் தெருக்காரர்களுக்கு நான் கம்பெனி ஆள், கம்பெனிக்காரர்களுக்கு நான் துரோகி. நல்லது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. மீட்டரில் டெசிபல் விதிக்குள்தான் இருந்தது என்றார் மேடைக்காரர். இருந்திருக்கும். சாதாரணமாக அளக்கும் முறை காதின் கூர்மைக்குத் தக்கபடி தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துத்தான் எண்ணும். புகைபோக்கியிலிருந்து வருவது அந்தத் தாழ்ந்த உறுமல்தான், சுவரைத் தாண்டி வந்து ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கும். அதையும் 24 மணி நேரச் சராசரியாகச் சொன்னால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மறுபடியும் சராசரி!

நாளைக்கு எத்தனை மணிக்கு ஓட்டப் போகிறோம் என்று பெரும்பாலான நாள் முந்தின நாளே அட்டவணை வந்துவிடும். திடீரென்று கூப்பிடுவதும் உண்டு, அதை விடுங்கள். அட்டவணை இருக்கும் நாளிலாவது சுற்றியிருக்கும் வீடுகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப என்ன தடை? இன்று ஆறு மணிக்கு ஸ்டார்ட், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் உள்ளே இருங்கள். இதைத்தான் மைக்கில் கேட்க நினைத்தேன், பாதியில் போய்விட்டது.

நானும் அப்போது இதை நினைத்துப் பார்த்ததில்லை. வேலையில் இருந்தபோது குடியிருப்பு நிலையத்துக்குப் பக்கத்திலேயே. அம்மா என்னோடு இருந்தார், அவருக்கு இளைப்பு உண்டு. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்றைக்கு உன் மிஷின் ஓடியதாடா?" என்பார். எப்படிம்மா தெரியும் என்றால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். அதனால்தான் இளைத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, அன்றும் முடியாது, இன்றும் முடியாது. அம்மா, வருடத்தில் நாலைந்து சதவீதம்தான் ஓடுகிறது, சும்மா கற்பனை செய்துகொள்ளாதே என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுச் சிரித்தும் இருக்கிறேன். கிட்டத்தட்ட அந்த மேடைக்காரரின் சிரிப்புதான்.

அந்த வீடியோவை நான் எட்டு முறை பார்த்தேன். அந்த அம்மாவின் வீடு எங்கே என்று தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், நேரில் போய் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன். ஏசியை அணை என்பவர்கள் வழக்கம்போல் கீழே எழுதலாம். மணி ஆறேகால், சத்தம் தொடங்கிவிட்டது, ஜன்னலை மூடப் போகிறேன்.